சுவர் பேனல் அளவு எங்கே தப்பியது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சுவரில் பீடிங் (மெல்லிய அலங்காரச் சட்டம்) கட்டங்களோ ரீப்பர் (தட்டையான மரச்சட்டம்) பட்டைகளோ அடிக்கும்போது அளவு இடித்தால், கை உடனே ரம்பத்தைத் தேடும். கடைசித் துண்டைக் கொஞ்சம் குறைத்து வெட்டிவிட்டால் ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அந்த வெட்டைப் போடாதீர்கள். எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண்ணே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக ஓர் இடைவெளி அளவுக்குத் தப்பியிருந்தால் ஒரு காரணம். பீடிங் அகலத்தின் மடங்காகத் தப்பியிருந்தால் வேறு காரணம். துண்டுக்குத் துண்டு 3 மி.மீ. குறைந்தால் இன்னொன்று. காரணம் தெரியாமல் வெட்டினால் அடுத்த சுவரிலும் அதே தப்பு வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் மரம் வாங்குவதற்கு முன்பே கண்ணில் பட்டிருக்கக்கூடியவை. கணக்குப் போட்டதும் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, கட்டங்களை முழு அளவில் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பகல், ஓர் இரவு அப்படியே விடுங்கள். அறைக்குள் வரும்போதும் போகும்போதும் எந்த இடம் உறுத்துகிறது என்று பாருங்கள். டேப்பை நகர்த்துவதற்கு ஒரு நிமிடம் போதும்.

கடைசிக் கட்டம் ஒடுங்குகிறது, அல்லது ஓர இடைவெளி காணாமல் போகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சுவர் 3640 மி.மீ. அகலம் என்று வையுங்கள். ஐந்து கட்டங்கள் வேண்டும். கட்டங்களுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலும் 80 மி.மீ. இடைவெளி வேண்டும். ஐந்து கட்டத்துக்கு எத்தனை இடைவெளி? நடுவில் நான்கு, ஓரங்களில் இரண்டு, ஆக ஆறு. ஆறு எண்பது 480. சுவர் அகலத்தில் அதைக் கழித்தால் 3160. ஐந்தால் வகுத்தால் ஒரு கட்டம் 632 மி.மீ. பீடிங்கின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள அளவு இது.

இனி தப்பைப் பாருங்கள். சுவரின் முடிவில் சரியாக 80 மி.மீ. இடம் போதவில்லையா? இடைவெளியை ஐந்து என்று எண்ணியிருக்கிறீர்கள். அப்போது ஒரு கட்டம் 648 என்று வரும், மொத்தம் 3720 ஆகிவிடும். சரியாக 160 போதவில்லை என்றால் ஓர இடைவெளிகள் இரண்டையுமே மறந்து, நடுவில் உள்ள நான்கை மட்டும் கழித்திருக்கிறீர்கள். இடைவெளியின் முழு மடங்காகத் தப்பினால் அது எண்ணிக்கைத் தப்பு. அளவு டேப்பையோ சுவரையோ சந்தேகிக்க வேண்டாம். தாளில் உள்ள கணக்கைத் திருத்தினால் போதும்.

அடுத்தது, இரண்டாவது கட்டத்திலேயே இடிக்கிறது என்றால் பீடிங் அகலத்தைப் பாருங்கள். 632 என்பதைக் கட்டத்தின் உள் அளவு என்று எடுத்துக்கொண்டு 30 மி.மீ. பீடிங்கை அதற்கு வெளியே சுற்றி அடித்தால், ஒவ்வொரு கட்டமும் 692 ஆகிவிடும். ஒரு கட்டத்துக்கு 60 வீதம் ஐந்து கட்டத்தில் 300 மி.மீ. தப்பும். முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே 80 இருக்க வேண்டிய இடத்தில் 20 தான் மிஞ்சும். தாளில் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ‘வெளி’ அல்லது ‘உள்’ என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. குறிப்பாக, ஒருவர் அளந்து இன்னொருவர் வெட்டும் இடத்தில் இந்த ஒரு சொல் பெரிய காவல்.

தப்பு 4, 5, 7 மி.மீ. என்று சின்னதாக, எதற்கும் மடங்காக இல்லாமல் வந்தால் அது சேர்ந்துகொண்டே போன தப்பு. முதல் கோட்டிலிருந்து இரண்டாவது, அங்கிருந்து மூன்றாவது என்று டேப்பை எடுத்து எடுத்து வைத்தால், ஒவ்வொரு முறையும் பென்சில் தடிமன் அளவுக்கு ஏதாவது விலகும். பத்துக் கோட்டில் தலா அரை மில்லிமீட்டர் என்றாலும் கடைசியில் 5 மி.மீ. வந்துவிடும். டேப்பை ஒரே முனையில் பிடித்துக்கொண்டு, கூட்டிய அளவுகளை வரிசையாகக் குறியுங்கள். நம் சுவருக்கு அவை 80, 712, 792, 1424, 1504, 2136, 2216, 2848, 2928, 3560. குறித்து முடித்ததும் எதிர்ப் பக்கச் சுவரிலிருந்து கடைசிக் கோட்டை அளந்து பாருங்கள். 80 வந்தால் எல்லாம் சரி.

ரீப்பர் பட்டைகளுக்குக் கணக்கு சற்று மாறும். இரு ஓரங்களிலும் பட்டையே நிற்கும் என்பதால் இங்கே இடைவெளி, பட்டையைவிட ஒன்று குறைவு. 3000 மி.மீ. சுவரில் 90 மி.மீ. பட்டை ஏழு என்றால், பட்டைகள் எடுக்கும் இடம் 630. மீதி 2370ஐ ஆறால் வகுத்தால் இடைவெளி 395. ஒரு பட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்புக்கு 485. பூச்சியத்தில் தொடங்கி 485, 970, 1455, 1940, 2425, 2910 என்று போகும். கடைசிப் பட்டையின் 90ஐச் சேர்த்தால் 3000. ஓரப் பட்டைகள் சுவரைத் தாண்டிப் பாதி வெளியே நிற்பதுபோல் கணக்கு வந்தால், 3000ஐ நேராக ஆறால் வகுத்து 500 என்று எடுத்துப் பட்டையின் நடுக்கோட்டை அங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். 45 மி.மீ., அதாவது பாதிப் பட்டை தப்பினால் இதுதான் காரணம்.

கணக்கு சரி, வெட்டிய துண்டு பொருந்தவில்லை

எல்லாத் துண்டும் ஒரே அளவுக்குத் தப்புகிறதா, ஆளுக்கொரு மாதிரி தப்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 3 மி.மீ. குறைகிறது என்றால் ரம்பம் கோட்டின் தப்பான பக்கத்தில் ஓடியிருக்கிறது. சாதாரண வட்ட ரம்பத்தின் பல் தின்னும் அகலம் 2 முதல் 3 மி.மீ. கோட்டின் மேலேயே ஓட்டினால் அதில் பாதி போகும். வேண்டாத பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, ரம்பம் அந்தக் குறியின் பக்கம் மட்டுமே தின்னும்படி வையுங்கள்.

சரியாக 100 மி.மீ. தப்பியிருந்தால், டேப்பின் முனை கொக்கியை நம்பாமல் 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளந்துவிட்டு, கழிக்க மறந்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான் அது, ஆனால் அளப்பவரும் வெட்டுபவரும் ஒருவராக இருக்கும்போது மட்டும்.

டேப்பின் கொக்கி லேசாக ஆடுகிறது என்று பலர் அதைச் சுத்தியால் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அது ஆடத்தான் வேண்டும். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு முன்னும் பின்னும் நகரும்படி செய்திருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும் ஒரே அளவு வருவதற்காக. இழுத்து அளந்தால் சரியாகவும் முட்டி அளந்தால் தப்பாகவும் வருகிறது என்றால் கொக்கி வளைந்திருக்கிறது, அல்லது ஆட்டம் நின்றுபோயிருக்கிறது.

மூலைக்கு மூலை உள் அளவு எடுக்கும்போது டேப்பை வளைத்து ‘இவ்வளவு இருக்கும்’ என்று படிப்பதும் 2, 3 மி.மீ. தப்புக்குக் காரணம். நல்ல வழி ஒன்று உண்டு. இரண்டு மெல்லிய குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரு முனைகளும் சுவரில் முட்டும்வரை நகர்த்தி, சேரும் இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். அந்த நீளத்தை அப்படியே பலகைமேல் வைத்துக் கோடு போடலாம். எண்ணே வேண்டாம்.

ஒருவர் அங்குலமும் நூலுமாக (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சொல்ல, இன்னொருவர் மில்லிமீட்டராக மாற்றி வெட்டினால் தப்பு எப்படி வேண்டுமானாலும் வரும். ஒரு வேலையில் ஒரே அலகு, முடிந்தால் ஒரே டேப். தடிமனான பென்சில் கோட்டைவிடக் கத்தி முனையால் கீறிய கோடு துல்லியம்.

மூலையில் விழும் இடைவெளி மேலே அகலம், கீழே குறுகல்

கட்டம் சரியாகத்தான் இருக்கிறது, சுவர்தான் சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் உடனே தெரியும். பூச்சு வேலை முடிந்த சுவர்களில் மூலைகள் நூல் பிடித்தாற்போல் இருப்பது அரிது.

அதனால் சுவரின் அகலத்தை ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். தரையை ஒட்டி, நடுவில், பேனலின் மேல் விளிம்பு வரும் உயரத்தில் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். மேலே 3640, நடுவில் 3634, கீழே 3628 என்று வருகிறது என்று வையுங்கள். பீடிங் கட்டம் என்றால் நடு அளவை எடுத்துக் கணக்குப் போட்டு, கட்டங்களைத் தூக்குக்குண்டுக்கு நேராக அடியுங்கள். மிச்சமுள்ள 12 மி.மீ. சாய்வு இரு ஓர இடைவெளிகளிலும் பிரிந்துவிடும், 80 மி.மீ. இடைவெளி 77இலிருந்து 83 வரை மாறுவது கண்ணில் படாது. ரீப்பர் பட்டை மூலையை ஒட்டி நிற்கும் வேலையில் இப்படித் தப்பிக்க முடியாது. ஓரப் பட்டையைச் சில மில்லிமீட்டர் அகலமாக எடுத்து, சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, ஒரு சின்னக் கட்டையையும் பென்சிலையும் சேர்த்துப் பிடித்துச் சுவரைத் தடவியபடி மேலிருந்து கீழே இழுங்கள். சுவரின் வளைவு அப்படியே பட்டையில் கோடாக விழும். அந்தக் கோடு வரை இழைத்தால் பட்டை சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

ரசமட்டம் சரி என்கிறது, கண் சாய்வு என்கிறது

இரண்டுமே உண்மை சொல்லலாம். முதலில், மேல் கோட்டை எப்படிப் போட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தரையிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் 900 மி.மீ. அளந்து புள்ளி வைத்திருந்தால் தரையின் சரிவு முழுவதும் மேலே ஏறியிருக்கும். தரையை நம்ப வேண்டாம். லேசர் மட்டமோ தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமோ வைத்து அறை முழுக்க ஒரே மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எல்லா உயரமும் அந்தக் கோட்டிலிருந்துதான். தரை எவ்வளவு சரிகிறது என்பதை, கோட்டிலிருந்து கீழே பல இடங்களில் அளந்தால் தெரிந்துகொள்ளலாம். அந்த வித்தியாசத்தை ஸ்கர்ட்டிங்கின் அடியை இழைத்து அங்கேயே முடித்துவிடுங்கள், மேலே வரவிடாதீர்கள்.

மட்டம் நிஜமாகவே சரியாக இருந்தும் சாய்வாகத் தெரிகிறது என்றால், பக்கத்தில் மட்டமில்லாத ஏதோ ஒன்று ஓடுகிறது. ஜன்னலின் அடிக்கட்டை, கூரையோரக் கார்னிஸ், பழைய ஷெல்ஃப் என்று ஏதாவது. இரண்டு நீளக் கோடுகள் கிட்டத்தில் இருந்தால் கண் அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் படிக்கும். பேனல் சுவரின் கீழ் மூன்றிலொரு பங்கோடு நின்றுவிடுகிறது என்றால் நான் மட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கூரை அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. கட்டங்கள் கூரைக்கு ஒரு சாண் கீழே வரை ஏறுகின்றன, கூரையும் 10 மி.மீ. சரிகிறது என்றால், மேல் கோட்டை மட்டத்துக்கும் கூரைக்கும் நடுவில் 5 மி.மீ. சாய்த்துப் போடுவதே நல்லது. கோட்டைப் போட்டுவிட்டு நான்கு அடி பின்னால் போய் நின்று பார்த்து முடிவெடுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். பேனலின் மேல் விளிம்பு சுவரின் நட்டநடுவில் விழுந்தால், அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ தப்பு என்று தோன்றிக்கொண்டே இருக்கும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அல்லது மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டு, ஜன்னல் அடிக்கட்டைக்கு ஏற்றபடி சற்று நகர்த்தலாம். 2700 மி.மீ. உயரச் சுவரில் 900 அல்லது 1800.

ஒரு சுவர் அழகு, பக்கத்துச் சுவர் ஒட்டவில்லை

இரு சுவர்களுக்கும் ஒரே கட்ட அளவைப் பிடித்துக்கொண்டு இடைவெளியை மாற்றியிருப்பீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். எல்லாச் சுவரிலும் இடைவெளி ஒன்றாக இருக்கட்டும், கட்டத்தின் அகலம் மாறட்டும். மூலையில் இரு பக்க இடைவெளிகள் அருகருகே நிற்பதால் 80க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 632க்கும் 643க்கும் உள்ள வித்தியாசத்தை டேப் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்துச் சுவர் 2250 மி.மீ. என்றால், மூன்று கட்டம் போட்டால் 320ஐக் கழித்து மூன்றால் வகுக்க 643 சொச்சம் வரும். நான்கு போட்டால் 462.5. முதல் சுவரின் 632க்கு எது கிட்டமோ அதுவே சரி. கதவுக்கும் மூலைக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான துண்டுச் சுவரில் ஒரே ஒரு கட்டம், இடைவெளி அதே 80. கட்டம் ஒல்லியாக வந்தாலும் பரவாயில்லை. 200 மி.மீ.க்கும் குறைந்தால் அங்கே கட்டமே போடாமல் விடுவது மேல்.

சுவிட்ச் போர்டு பீடிங்கின் மேல் உட்கார்கிறது

சுவரை அளக்கும்போதே சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், ஏசி பைப், திரைச்சீலைக் கம்பி எல்லாவற்றையும் இடப்பக்கமிருந்தும் அறை முழுக்கப் போட்ட மட்டக் கோட்டிலிருந்தும் அளந்து வரைபடத்தில் போட்டிருந்தால் இது வந்திருக்காது. போர்டு முழுவதும் ஒரு கட்டத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது முழுவதும் இடைவெளியில் இருக்க வேண்டும். பாதி பாதியாக இருக்கக் கூடாது.

நம் 3640 சுவரில் ஒரு போர்டு 1330இலிருந்து 1420 வரை இருக்கிறது என்று வைப்போம். ஐந்து கட்டம் போட்டால் இரண்டாவது கட்டத்தின் பீடிங் 1394இலிருந்து 1424 வரை ஓடுகிறது. போர்டு அதன்மேல் ஏறிவிடும். நான்கு கட்டம் போட்டால் ஒரு கட்டம் 810, இரண்டாவது கட்டம் 970இலிருந்து 1780 வரை. அதன் நடுக்கோடு 1375, போர்டின் நடுக்கோடும் 1375. இவ்வளவு கச்சிதமாக எல்லாச் சுவரும் அமையாது. கட்ட எண்ணிக்கையை ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் இடைவெளியை 70, 90 என்று மாற்றிப் பாருங்கள். மாற்றினால் அறை முழுக்க மாற்ற வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பீடிங்கை அந்த இடத்தில் வெட்டிப் போர்டைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகலாமே என்று கேட்பார்கள். முடியும், ஆனால் கண் எப்போதும் அங்கேயே போய் நிற்கும். முழுப் பலகை ஒட்டும் வேலை என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலகையின் தடிமன் அளவுக்குப் போர்டு உள்ளே போய்விடும். அதை முன்னுக்குக் கொண்டுவருவது மின்சாரம் தெரிந்தவர் மெயினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. பலகை ஒட்டியபின் நீள ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடிப்பது ஆபத்து.

45 டிகிரி மூலைகள் வாய் பிளக்கின்றன

எப்படிப் பிளக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி பிளந்தால் ரம்பத்தின் கோணம் தப்பு. வெளி முனைகள் தொட்டுக்கொண்டு உள்பக்கம் இடைவெளி தெரிந்தால் ரம்பம் 45ஐத் தாண்டி வெட்டுகிறது. உள்பக்கம் தொட்டுக்கொண்டு வெளி முனை பிளந்தால் 45ஐ எட்டவில்லை. ரம்பத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வேண்டாத இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்து, மூலைமட்டத்தை உள்ளே வைத்துப் பாருங்கள்.

மூன்று மூலை கச்சிதம், நான்காவது மட்டும் பிளக்கிறது என்றால் கோணத்தைத் தொடாதீர்கள். எதிரெதிர்த் துண்டுகள் சம நீளம் இல்லை. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்தால் விரல் நுனியிலேயே வித்தியாசம் தெரியும். ஒரே நீளத் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து வெட்டாமல், ரம்ப மேசையில் ஒரு தடுப்புக்கட்டையை இறுக்கி, எல்லாவற்றையும் அதில் முட்டி வெட்டுங்கள்.

மூலைகள் எல்லாம் மூடியிருந்தும் கட்டம் கோணலாகத் தெரிந்தால் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் கட்டத்தின் மூலைகள் செங்கோணத்தில் நிற்கின்றன. 632க்கு 590 கட்டத்தில் மூலைவிட்டம் 864.6 மி.மீ. வரும். ஒன்று 868, மற்றது 861 என்றால், நீளமான மூலைவிட்டம் முடியும் மூலையை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு அடியுங்கள்.

பின்பக்கம் தொட்டுக்கொண்டு முன்பக்கம் மட்டும் பிளந்தால் அது சுவரின் வேலை. மூலை வரும் இடத்தில் பூச்சு புடைத்திருக்கும். நேரான அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்து, புடைப்பைத் தேய்த்து எடுங்கள். பள்ளம் என்றால் பட்டி பூசி நிரப்புங்கள்.

மாடிப்படிச் சுவரில் கட்டங்கள் நெருங்கித் தெரிகின்றன

சமதளச் சுவரில் கை தேர்ந்தவர்கள்கூட இங்கே திணறுவார்கள். காரணம் ஒன்றுதான். சாய்வில் ‘80 மி.மீ. இடைவெளி’ என்றால் எந்தத் திசையில் 80 என்று சொல்லியாக வேண்டும்.

படி உயரம் 175, மிதி 250 என்றால் சாய்வு 35 டிகிரி. படிக்கு மேலே ஓடும் பட்டைக்கும் கட்டத்துக்கும் நடுவில் டேப்பைச் செங்குத்தாக வைத்து 80 குறித்தால், சாய்வுக்குக் குறுக்காக உள்ள நிஜ இடைவெளி 65.5 மி.மீ. தான். கண் பார்ப்பது அந்தக் குறுக்கு அளவைத்தான், அதனால்தான் நெருக்கமாகத் தெரிகிறது. குறுக்காக 80 வேண்டும் என்றால் செங்குத்தாக 97.7 குறிக்க வேண்டும். கட்டங்களுக்கு நடுவே நிற்கும் செங்குத்து இடைவெளிகளை மட்டும் கிடையாக அளந்து 80 வையுங்கள். சாய்வின் மேலே டேப்பைப் போட்டு 80 குறித்தால் அங்கேயும் 65.5 தான் கிடைக்கும்.

சாய்ந்த பீடிங் துண்டுகள் எல்லாம் குட்டையாக வந்தால், கிடை அகலத்தையே நீளமாக எழுதி வெட்டியிருக்கிறீர்கள். கட்டத்தின் கிடை அகலம் 600 என்றால் சாய்வில் அது 732 மி.மீ.க்குச் சற்று மேல்.

மூலைகளும் இங்கே 45 இல்லை. கட்டம் செவ்வகத்திலிருந்து சரிந்துவிட்டதால் இரண்டு மூலை 125 டிகிரி, இரண்டு மூலை 55 டிகிரி. ரம்பத்தின் அளவுகோலில் அகன்ற மூலைக்கு 27.5, கூர் மூலைக்கு 62.5. பல மைட்டர் ரம்பங்கள் (கோணம் வைத்து வெட்டும் ரம்பங்கள்) 62.5 வரை திரும்புவதே இல்லை. அந்த நான்கு முனைகளையும் கோடு போட்டுக் கைரம்பத்தால் அறுத்து, மணல்தாள் ஒட்டிய கட்டையால் சீராக்குவதே நிம்மதி. நான் சொன்ன 35ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் படியின் சாய்வை அளந்துகொள்ளுங்கள். நீளப் பலகை ஒன்றைப் படி மூக்குகளின் மேல் படுக்கவைத்து, கோணமானியை அதன்மேல் வைத்தால் போதும். முதலில் அட்டையில் ஒரு முழுக் கட்டத்தை வெட்டிச் சுவரில் வைத்துப் பார்க்காமல் மரத்தைத் தொட வேண்டாம்.

கணக்குப்படி வாங்கிய பீடிங் போதவில்லை

மொத்த நீளத்தைக் கூட்டி, ஒரு கோலின் நீளத்தால் வகுத்திருப்பீர்கள். 632 அகலம், 600 உயரம், ஐந்து கட்டம் என்றால் மொத்தம் 12.32 மீட்டர். 2.4 மீட்டர் கோல் என்றால் ஐந்துக்குச் சற்று மேல், ஆறு போதும் என்று கணக்கு சொல்லும். வெட்டிப் பார்த்தால் ஏழு வேண்டும். 600 மி.மீ. துண்டு நான்கு சேர்ந்தால் சரியாக 2400. ரம்பம் தின்ன இடமே இல்லை, நான்காவது துண்டு குறைந்துபோகும். ஆகவே எந்தத் துண்டு என்றாலும் கோலுக்கு மூன்றுதான், இருபது துண்டுக்கு ஏழு கோல்.

அதே கட்டத்தின் உயரத்தை 590 ஆக்குங்கள். இப்போது ஒரு கோலில் நான்கு உயரத் துண்டு வரும், வெட்டுக்கு 40 மி.மீ. மிச்சம். இரண்டு கோலில் எட்டு உயரத் துண்டு, மூன்று கோலில் ஒன்பது அகலத் துண்டு, ஆறாவது கோலில் மீதி மூன்று. ஆறில் முடிந்துவிடும். வடிவம் 10 மி.மீ. மாறியது யாருக்கும் தெரியாது. அதனால் கட்ட அளவை முடிவுசெய்வதற்கு முன் வெட்டுப்பட்டியலைப் போட்டுப் பாருங்கள் என்கிறேன். பலகையிலும் இதே கதைதான். 1220 அகலப் பலகையை நான்காகப் பிளந்தால் 305 வராது. மூன்று வெட்டுக்கு 9 போக ஒவ்வொன்றும் 302.75. தப்பும் மூலைகளுக்காக ஒரு கோல் கூடுதலாக வாங்கி வையுங்கள். அதுவும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு போனால் அதே வார்ப்பு கிடைக்காமல் போகலாம்.

பேனலின் ஓரம் கதவு நிலையைத் தாண்டித் துருத்துகிறது

நீள அகலம் பார்த்த கண் தடிமனைப் பார்க்கவில்லை. கதவைச் சுற்றிய சட்டம் சுவரிலிருந்து 12 மி.மீ. வெளியே நிற்க, 9 மி.மீ. பலகையும் அதன்மேல் 15 மி.மீ. பீடிங்கும் சேர்ந்து 24 ஆகிறது. ஓரத்தில் வெட்டுவாய் தெரியும். படுக்கைப் பட்டையின் முனையைச் சட்டத்தைத் தொடும் இடத்தில் சாய்த்து இழைக்கலாம். அல்லது சட்டத்தின் வெளி ஓரத்தில் தடித்த பட்டை ஒன்றை நிறுத்தி, பேனலை அதில் முட்டச் செய்யலாம். இரண்டாவதுதான் பார்வைக்கு நல்லது. ஆனால் அந்தப் பட்டையின் அகலத்தைச் சுவர் அகலத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் கட்டக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

மாட்டும்போது சரியாக இருந்தது, சில வாரத்தில் இணைப்புகள் பிரிந்தன

மரமும் எம்டிஎஃப்பும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். கடையிலிருந்து வந்த அன்றே வெட்டி அடித்தால், அறையின் ஈரப்பதத்துக்கு அவை பழகுவது சுவரில் நடக்கும். குறைந்தது இரண்டு நாள் அதே அறையில், இடையில் குச்சி வைத்து அடுக்கிக் காற்றாட விடுங்கள். முடி அளவுப் பிளவு என்றால் பெயின்ட் ஏறக்கூடிய சீலன்ட்டை விரலால் தேய்த்து நிரப்பலாம். ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் உப்பி, பலகையின் அடி விளிம்பு வீங்கியிருந்தால் அந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது. அங்கே எதை நிரப்பியும் பயனில்லை. பேனலைக் கழற்றி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்தி, சுவர் நன்றாகக் காய்ந்தபின்தான் மறுபடி மாட்ட வேண்டும்.

பிவிசி பேனல் நேர்மாறாக வெயிலில் புடைக்கும். அது ஈரத்தைப் பொருட்படுத்தாது, வெப்பத்துக்கு நீளும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.06 மி.மீ. என்று எடுத்தால், 3 மீட்டர் பேனல் 20 டிகிரி வெப்பம் ஏறும்போது 3.6 மி.மீ. நீளும். இரு முனையும் சுவரில் முட்டியிருந்தால் நடுவில் வயிறு தள்ளத்தான் செய்யும். ஒரு முனையில் 5 மி.மீ. வெட்டி எடுத்து, அந்த வெட்டை ஓரப் பட்டைக்குள் மறைத்துவிடுங்கள். பட்டையைச் சுவரில் மட்டும் அடியுங்கள், பேனலோடு சேர்த்து அடிக்காதீர்கள்.